பஸ் பத்து நிமிசம் நிக்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் குரல் தெரிந்திருக்கும். நடுச்சாமம் தாண்டி, கழுத்து ஒரு பக்கம் கோணிப்போய், பக்கத்துச் சீற்காரரின் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொள்ளும்போது திடீரென்று உள்ளுக்குள் லைற் எல்லாம் எரியும். "பஸ் பத்து நிமிசம் நிக்கும். சாப்பிடுறவை இறங்கிச் சாப்பிடுங்கோ."

சிலபேர் இறங்கவே மாட்டார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த இடியப்பப் பார்சலை வவுனியாவுக்கு முன்னமே முடித்திருப்பார்கள். சிலபேர் கழிவறைக்குப் போய்விட்டு ஒரு பிளேன்ரீயோடு திரும்புவார்கள். பிறகு என்னைப்போல ஒரு கூட்டம் இருக்கிறது. லைற் எரிய முதலே முழித்துச் செருப்பைத் தேடுகிற கூட்டம். எங்களுக்குக் கொண்டக்டரின் குரல் தேவையில்லை. இரும்புக் கல்லில் இரண்டு தகடுகள் மோதுகிற டக்கடக் டக்கடக் சத்தம் கண்ணாடிக்குள்ளால் வந்தாலே போதும்.

நான் இறைச்சிப் பிரியன். இதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லைதான். ஆனால் கொழும்புக்கும் ஊருக்குமாக ஐந்தாறு வருசம் திரிந்ததில், நான் எங்கே எந்த இறைச்சி தின்றேன் என்பதுதான் எனக்கு அந்த வருசங்களின் கணக்காக இருக்கிறது. பரீட்சை முடிவுகள் மறந்துவிட்டன. முதல் வேலையின் முதல் நாள் மறந்துவிட்டது. புத்தளத்துக்குக் கிட்ட ஒரு கடையில் இரவு ஒரு மணிக்குச் சாப்பிட்ட மாட்டுக்கொத்து மறக்கவில்லை.

எங்கள் வீட்டில் மாடு இல்லை. அதாவது மற்ற எல்லாம் உண்டு. மீன், நண்டு, கணவாய், கோழி, ஆடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் கிடாய் அடித்துப் பங்கு போட்டால் அப்பா விடியவே சைக்கிளில் போய் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு வருவார். கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு, எல்லாருக்கும் எல்லாத்திலும் ஒரு துண்டு. அம்மா அந்த இறைச்சியைக் காய்ச்சுகிறபோது வருகிற வாசத்துக்கு எந்த ஹோட்டலும் கிட்ட வராது, அதில் விவாதமே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. கந்தசஷ்டிக்கு இல்லை. நல்லூர் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் இல்லை. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மாடு என்ற சொல் குசினிக்குள் வந்ததே இல்லை. ஏன் இல்லை என்று ஒருவரும் விளங்கப்படுத்தவும் இல்லை. "எங்கட வீட்டில இல்லை." அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்களிடம் ஒரு பசு நின்றது. பட்டிப்பொங்கலுக்குக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பொங்கல் தீத்துவோம். பால் வற்றிய பிறகு ஒருநாள் ஒருவர் வந்து காசு எண்ணிக் கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார். அது எங்கே போனது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால், கேட்காமல் இருப்பதற்கு எல்லாருமே நன்றாகப் பழகியிருந்தோம். (2020 செப்டெம்பரில் நாட்டில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை சம்மதித்தபோது, சாப்பிட விரும்புகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்யலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். எங்கள் வீட்டு நியாயம்தான், கொஞ்சம் பெரிய அளவில்.)

முதல் தடவை மாடு சாப்பிட்டது புரட்சி ஒன்றும் இல்லை. கம்பஸ் முதல் வருசம். பஸ் நின்றது, இறங்கினேன், கோழிக்கொத்து கேட்டேன். "கோழி முடிஞ்சுது தம்பி. மாடுதான் இருக்கு." எனக்குப் பின்னால் பத்துப்பேர் நிற்கிறார்கள், பத்து நிமிசத்தில் மூன்று போய்விட்டது. சரி எண்டு சொல்லிவிட்டேன். ஒரு பரம்பரை வழக்கம் அப்படித்தான் முடிந்தது, கோழி முடிந்ததால்.

கொத்தைப்பற்றி எனக்குச் சில கறாரான அபிப்பிராயங்கள் உண்டு, இவ்வளவு தூரம் வாசித்தவர்கள் அதையும் கேட்கத்தான் வேண்டும். கோழிக்கொத்து ஒரு ஏமாற்று. எலும்போடு கொத்தினால் ஒவ்வொரு வாய்க்கும் சில்லு எலும்பு. எலும்பில்லாமல் கொத்தினால் ரொட்டிக்குள் கோழி காணாமல் போய்விடும். சீஸ் கொத்து கொழும்புப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சரி. கொத்து என்றால் மாடு. மாட்டிறைச்சி மணிக்கணக்கில் கறியில் கிடந்து நார்நாராகப் பிரிகிற பதத்துக்கு வந்திருக்கும். ரொட்டியும் நார், இறைச்சியும் நார். தகடு இரண்டையும் ஒன்றாகக் கிழிக்கும். அதற்குள் முட்டை, லீக்ஸ், வெங்காயம், பச்சைமிளகாய். கடைசியில் ஒரு அகப்பை தடித்த குழம்பு, அவர்கள் சொல்லில் ஆணம், சுற்றிவர ஊற்றி இன்னும் பத்துத் தட்டு. அந்தக் கடைசிப் பத்துத் தட்டுத்தான் விசயம். அதுக்கு முதலே கல்லில் இருந்து இறக்கினால் சோறு மாதிரிக் குழையும், பிந்தினால் காய்ந்துவிடும். லஞ்ச்சீற் சுற்றின பிளேட்டில் குவித்து, பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஆணம் சின்னக் கோப்பையில். நாலு நிமிசத்தில் சாப்பிட்டு முடிக்கப் பழகியிருந்தேன்.

மற்ற இடங்களும் உண்டு. வெள்ளவத்தையில் மாலை நாலு மணிக்குச் சூட்டோடு வருகிற மிதிவெடி. பாதி முட்டையும் இறைச்சிக் கறியும் உள்ளே வைத்துச் சுற்றிப் பொரித்த அந்தப் பெரிய உருப்படிக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது, கண்ணிவெடியோடு வாழ்ந்த சனத்தால் மட்டும்தான் அப்படிப் பெயர் வைத்துவிட்டுக் கடிக்க முடியும். காத்தான்குடியில் கூட்டாளி ஒருத்தனின் வீட்டுக் கலியாணத்தில் ஆறுபேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிட்ட புரியாணி. எனக்கு எதிரே இருந்த பெரியவர் தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளையெல்லாம் விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார், முகத்தைக்கூடப் பார்க்காமல். நீர்கொழும்புப் பக்கம் கொறக்காப்புளியும் மிளகும் போட்டுக் கறுப்பாகக் காய்ச்சின பன்றி. ஒரு வெசாக் அன்று இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. பசியோடு போன எங்கள் பஸ்ஸை மதவாச்சிப் பக்கம் சனம் மறித்து, தன்சலில் கூப்பிட்டு இருத்தி மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் தந்தது. இறைச்சி இல்லாமல் நான் சந்தோசமாகச் சாப்பிட்ட சில நாட்களில் அது ஒன்று.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரிலிருந்து புறப்படுகிற பஸ்ஸைப் பார்க்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்கிறபோது எல்லாரும் இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பக்திப் பழமாக ஏறுவார்கள். ஓமந்தை தாண்டினால் முகம் மாறிவிடும். புத்தளத்தில் அதே சனம்தான் நெற்றியில் விபூதியோடு கொத்துக்கடையில் வரிசையில் நிற்கும். ஒருவரை ஒருவர் கண்டாலும் காணாத மாதிரி. பஸ்ஸில் நடந்தது பஸ்ஸோடு.

அந்தக் கடைக்கு நான் நாலாவதோ ஐந்தாவதோ தடவை போனபோதுதான் முதலாளி என்னிடம் கதைத்தார். நாற்பது வயது இருக்கும். காசு மேசையில் இருந்தவர், நான் மிச்சக் காசை எண்ணுகிறபோது கேட்டார்.

"தம்பி யாழ்ப்பாணத்தில எவடம்?"

"கொக்குவில் நானா."

"கொக்குவில் எண்டால்... ஸ்ரேசனடியோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னவிதம் புத்தளத்துக்காரர் சொன்ன மாதிரி இல்லை. என் மாமா சொல்கிற மாதிரி இருந்தது.

"நாங்கள் சோனகதெரு. ஐஞ்சுசந்தியடி. ஒஸ்மானியாவிலதான் படிச்சனான், ஆறாம் வகுப்பு வரைக்கும்." பிறகு சிரித்துக்கொண்டு, "அதுக்குப் பிறகு படிக்க விடேல்லை" என்றார்.

ஹோர்ன் அடித்தது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். மிச்சக் கதை பத்துப் பத்து நிமிசங்களாக, இரண்டு வருசத்தில் வந்தது. 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள், எல்லாரும் ஒஸ்மானியாவின் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி. கூட்டம் என்றுதான் வாப்பா நினைத்தாராம். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். நகை, காசு, வீட்டு உறுதி, எல்லாம் விட்டுவிட்டுப் போகவேணும். அவருடைய வாப்பாவுக்கு ரவுணில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. அன்றைக்கு விடியக் காய்ச்சின இறைச்சிச் சட்டி அடுப்பிலேயே இருந்ததாம். "உம்மா வழிமுழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவ. அடுப்பு நூர்த்தனாங்களோ இல்லையோ எண்டு."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் படித்து, ஐஞ்சுசந்தியால் நூறு தடவை சைக்கிளில் போயிருக்கிறேன். கூரை இல்லாத வீடுகள், சுவருக்குள்ளால் முளைத்த ஆலமரம். அதெல்லாம் ஷெல் விழுந்த வீடுகள் என்று நினைத்திருந்தேன். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. பசு போன கதை மாதிரித்தான்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். சாப்பாட்டுக்குள் வெள்ளையாய் ஒரு கட்டி இருந்ததாம். அது பிள்ளை பிறக்காமல் செய்கிற குளிசையாம். அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்து, அது மாக்கட்டி என்று பிறகு சொன்னது. பிறகு என்றால் எல்லாம் எரிந்த பிறகு. அடுத்த கிழமை திகனையும் எரிந்தது.

நான் அதையெல்லாம் வாசித்து, கோபப்பட்டு, பேஸ்புக்கில் நீளமாக எழுதியும் இருந்தேன். கொத்து எப்படிச் செய்கிறது என்று தெரிந்தவனுக்கு மாக்கட்டி புதினமில்லை, ரொட்டி சரியாக வேகாவிட்டால் வரும் என்றெல்லாம். நூற்றுச் சொச்சம் லைக். கொஞ்ச நாள் கழித்து ஊருக்குப் போகிறபோது அதே கடை. அதே மேசை. மூன்றாவது வாயில் விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெள்ளை. மஞ்சாடி விதையளவு.

என் மூளைக்குள் ஒன்றும் ஓடவில்லை, சத்தியமாக. ஆனால் விரல் அதை எடுத்துப் பிளேட்டின் ஓரத்தில் வைத்தது. வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன், முழுவதும். அந்த ஒரு கட்டியைத் தவிர.

பிளேட் எடுக்க வேலைப் பெடியன் இல்லை, முதலாளியே வந்தார். பிளேட்டைப் பார்த்தார். மேசையைத் துடைத்துக்கொண்டே, நான் ஒன்றும் கேட்காமல், மெதுவாகச் சொன்னார். "மாக்கட்டி தம்பி. புதுப் பெடியன். ரொட்டிக்கு மாக் குழைக்கத் தெரியேல்லை."

எனக்குத் தெரியும் நானா என்று சொல்லியிருக்கலாம். எடுத்து வாயில் போட்டிருக்கலாம். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காசைக் கொடுத்தேன். எனக்கும் அவருக்கும் இடையில் அவர் அப்படி ஒரு விளக்கம் சொல்லவேண்டி வந்ததை நான் இன்றைக்கும் விழுங்கவில்லை.

அடுத்த வருசம் ஈஸ்டர் குண்டுகள். ஏப்ரல் 21. ஒரு கிழமைக்குள் வட்சப்பில் பெரியம்மா, சித்தப்பா, பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் எல்லாரும் ஒரே மெசேஜைச் சுற்றினார்கள். அவையளின்ர கடையில் சாப்பிடாதேங்கோ, உடுப்பு எடுக்காதேங்கோ. மே நடுப்பகுதியில் மினுவாங்கொடை, குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல பக்கம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஜூனில் நான் கொழும்புக்குத் திரும்பிய இரவு பஸ் அந்தக் கடையில் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையாமல் போனது. கடை திறந்துதான் இருந்தது. லைற் எரிந்தது. கல்லுக்குப் பின்னால் ஒருவர் சும்மா நின்றார். கொஞ்சத் தூரம் போய் வேறொரு கடையில் நிறுத்தி, "பத்து நிமிசம்" என்றார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும்தான். இறங்கி ஒரு மீன் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டேன். பழைய பணிஸ்.

இனி அப்பா. 2020 ஜனவரி, கொரோனா வர முந்தி. அப்பாவுக்குக் கொழும்பில் கண் காட்டிவிட்டு இரண்டுபேரும் ஊருக்குத் திரும்புகிறோம். வியாழன் இரவு பஸ். அந்த நேரம் பஸ்கள் திரும்பவும் அந்தக் கடையில் நிற்கத் தொடங்கியிருந்தன, எப்போது, யார் சொல்லி என்று தெரியாது. நான் அப்பாவை எழுப்பி, "ஒரு பிளேன்ரீ குடிப்பம்" என்றேன். கொத்து கேட்கிற எண்ணம் இல்லை. அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். மூன்று குறி விபூதி நித்திரையிலும் அழியாத மனுசன்.

முதலாளிக்கு என்னை ஞாபகம் இருந்தது. மெலிந்திருந்தார். "அப்பாவோ?" என்று கேட்டுவிட்டு அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் அப்பாவிடம், நானாவும் யாழ்ப்பாணம்தான், சோனகதெரு என்றேன். அப்பா அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். ரவுணில் எந்தக் கடை என்று கேட்டார். அவர் தன் வாப்பாவின் கடை இருந்த ஒழுங்கையைச் சொன்னார்.

"மரப் படியொண்டு இருக்கும். ஏறினால் இடப்பக்கம் கை கழுவுற வாளி" என்றார் அப்பா.

"ஓம் ஐயா. அந்த வாளிக்குத் தண்ணி நிரப்புறது நான்தான்."

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் இரண்டுபேரும் ஒன்றும் கதைக்கவில்லை. கல்லில் தகடு அடித்துக்கொண்டிருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ரொட்டியும் மாடும் இருக்கே?"

நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். ரொட்டி வந்தது, சின்னக் கோப்பையில் இறைச்சிக் கறி வந்தது. அப்பா ரொட்டியைப் பிய்த்து ஆணத்துக்குள் தோய்த்து, இறைச்சியை அதற்குள் மடித்து, பழக்கமான கை மாதிரிச் சாப்பிட்டார். ரெண்டாம் ஷோ படம் முடிய நாலைந்துபேர் சேர்ந்து போவார்களாம். எண்பத்தியிரண்டு, எண்பத்திமூன்று. அப்பம்மாவுக்குத் தெரியாது. பிறகு அம்மாவுக்கும் தெரியாது.

"பிறகேன் அப்பா விட்டனீங்கள்?"

"நான் விடேல்லை. கடை இல்லைத்தானே."

தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார், எனக்குத்தானோ முதலாளிக்குத்தானோ தெரியாது. "அண்டைக்கு நாங்கள் எல்லாரும் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கு இருந்தனாங்கள்." முதலாளி "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் விடட்டோ?" என்று கேட்டார். அப்பா கோப்பையை நீட்டினார்.

நான் என் கொத்தை அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினேன். கட்டி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கிறுக்கு எண்ணம் வந்தது. காசு வேண்டாம் என்று முதலாளி சொல்ல, அப்பா சரியென்று தலையாட்டிவிட்டு எழும்புகிறபோது பிளேன்ரீக் கோப்பைக்குக் கீழே நோட்டை வைத்தார். அவர் அதைக் கண்டார். கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

ஹோர்ன் அடித்தது. அப்பா கை கழுவப் போகாமல் இன்னும் கோப்பையை வழித்துக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்தேன்.

"அப்பா, பன்னிரண்டேகால். வெள்ளிக்கிழமை."

"விடிஞ்சால்தான் வெள்ளி" என்றார் அப்பா, கடைசித் துண்டு ரொட்டியை மடித்துக்கொண்டு. "கொம்மாட்ட சொல்லிப்போடாத."